அழுக்குக்கும் ஊர் உண்டு: ரயில் மாதிரிகளில் வெதரிங், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகச் செய்து முடித்த மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் மாதிரியைப் பார்த்துவிட்டு எங்கள் பெரிய மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மாமா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதிரியைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணிருக்க மருமவனே. ஆனா இந்த வண்டி எந்த லைன்ல ஓடுது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய வண்டியாகத் தெரியட்டும் என்று கூரை, பக்கவாட்டு, சக்கரம், கைப்பிடி என்று ஒன்று விடாமல் ஒரே பழுப்பைப் பூசி வைத்திருந்தேன். "அழுக்குன்னா அது எங்கேயிருந்தாவது வந்திருக்கணும்லா" என்று சொல்லிக்கொண்டே மாதிரியை மேசையில் வைத்தார்.

வெதரிங் பற்றி நான் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

கடையில் வாங்கும் மாதிரி இன்ஜினும் சரி, நாமே செய்து பெயின்ட் அடித்த இன்ஜினும் சரி, பளபளவென்று இருக்கும். நிஜ இன்ஜின் அப்படி இருப்பது பணிமனையிலிருந்து புதுப் பெயின்ட்டோடு வெளியே வந்த கொஞ்ச நாட்கள் மட்டும். நம் பக்கத்து மீட்டர் கேஜ் இன்ஜின்கள் பெரிய பராமரிப்புக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போய் வந்த காலத்தில், திரும்பி வந்த வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். பிறகு வெயில் நிறத்தைத் தின்னும். புகை கூரையில் படியும். பிரேக் தூள், எண்ணெய், ஊர்ப்புழுதி, மழைத்தண்ணீர் எல்லாம் அதனதன் இடத்தில் ஏறும். இந்த மாற்றங்களைச் சின்ன மாதிரியின் மேல் பிரஷ்ஷாலும் தூளாலும் கொண்டுவருவதற்குத்தான் வெதரிங் என்று பெயர்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்.ஓ. அளவு. நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. நம் மீட்டர் கேஜ் தடங்களில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின் 15 மீட்டருக்குச் சற்று நீளமானது. இந்த அளவில் அது ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர் அகலம். 87ஆல் வகுத்தால் 11.5. கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்தும். அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த அகலத்தில் தண்டவாளம் சுலபமாகக் கிடைக்காததால் பெரும்பாலோர் 16.5 மில்லிமீட்டரிலேயே ஓட்டுகிறார்கள். தொடங்குகிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

உடலைக் கட்டுவது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டலாம், பித்தளைத் தகட்டில் பற்றவைக்கலாம், இப்போது முப்பரிமாண அச்சிலும் எடுக்கிறார்கள். எப்படிக் கட்டினாலும் பெயின்ட்டுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகு விரல் படாமல் பிடிக்க வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும் நம் கை எண்ணெய்யும் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. மோட்டாரையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

அப்புறம் சாம்பல் நிற பிரைமர் ஒரு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் ரிவெட்டும் கதவு விளிம்பும் மூழ்கிப்போகும். நிறம் பிடித்தபின் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. இது ஏன் என்று பலருக்கும் சந்தேகம் வரும். எண்ணும் எழுத்தும் உள்ள ஒட்டுப்படங்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிறோம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மினுக்கம் தெரியும். வழுவழுப்பில் ஒட்டினால் தெரியாது. ஒட்டி முடித்தபின் மேட் வார்னிஷ் அடித்துப் பளபளப்பை அடக்கிவிட்டால் வெதரிங்குக்கு மேடை தயார்.

நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 87ல் ஒரு பங்கு மாதிரியை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பதும், நிஜ இன்ஜினை 43 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் ஒன்று. அவ்வளவு தூரத்தில் நடுவில் இருக்கும் காற்றும் வெளிச்சமும் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும். அதனால் டப்பாவிலிருந்து எடுத்த சுத்தக் கறுப்பை மாதிரியில் அடித்தால் ஓட்டை மாதிரித் தெரியும். கறுப்புக்குப் பதில் அடர்ந்த சாம்பல், வெள்ளைக்குப் பதில் கொஞ்சம் பழுப்புக் கலந்த வெள்ளை. இதை மட்டும் கடைப்பிடித்தாலே மாதிரி பாதி நிஜமாகிவிடும்.

சரி, இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம்.

எந்த லைனில் ஓடுது?

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து எந்தத் திசையில் போனாலும் மண் மாறும். திருச்செந்தூர் பாதையில் நாசரேத், குரும்பூர் பக்கம் போகும்போது மண் சிவந்துவிடும்; குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டுக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறக்காது. மணலைச் சுற்றிப் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறம். ஆறுமுகநேரி வந்தால் உப்பளம், கடல்காற்று. அந்தத் தடத்தில் ஓடிய வண்டிக்குக் கீழ்ப்பகுதியில் செங்கல் நிறப் புழுதியும், பெயின்ட் பெயர்ந்த இடமெல்லாம் சுருக்கில் துருவும் இருக்கும். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது.

வடக்கே மணியாச்சி, கோவில்பட்டி பக்கம் கரிசல். கரிசல் என்றதும் கறுப்புப் பூசுகிறவர்கள் உண்டு. ஈரமாக இருக்கும்போதுதான் அது கறுப்பு. பங்குனி சித்திரையில் காய்ந்து பறக்கும்போது சாம்பல் கலந்த பழுப்பு. அதைத் தனியாகக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதே பாதையில் தாழையூத்தில் சிமென்ட் ஆலை. சிமென்ட் ஏற்றிய வேகனுக்கு வெளிறிய சாம்பல் மாவு, அதிலும் ஏற்றுகிற வாய்ப்பக்கம் கெட்டியாக. மழை பட்ட இடத்தில் அது அப்பிப்போய்க் கோடாக இறங்கியிருக்கும்.

மேற்கே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் தாமிரபரணி வயல்காடு. புழுதி குறைவு. தென்காசி தாண்டிச் செங்கோட்டைக்கு அப்பால் மலை ஏறும்போது கதையே வேறு. தென்மேற்குப் பருவமழை அங்கே இன்ஜினைக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கும். கூரைப் புகை கழுவப்பட்டு பக்கவாட்டில் நெடுங்கோடாக இறங்கும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க இன்ஜினிலிருந்து தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். அந்த மணல் குழாய் இருக்கும் இடத்தைச் சுற்றி சக்கரத்தின் அருகே வெளிறிய தடம் இருக்கும். சமவெளியில் ஓடும் வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. செங்கோட்டை–புனலூர் மலைத்தடத்தில் மீட்டர் கேஜ் வண்டி 2010இல் நின்றது. 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். ஆகவே அந்த மலைப்பாதை ஒய்.டி.எம்.4ஐச் செய்கிறவருக்குப் பழைய புகைப்படம்தான் வழி. யார் வீட்டு ஆல்பத்திலாவது அந்தத் தடத்தின் பதின்மூன்று கண் பாலத்தில் எடுத்த படம் இருந்தால் முகங்களுக்குப் பின்னால் இருக்கும் வண்டியைப் பாருங்கள்.

ஊர்ப்புழுதி வெளியிலிருந்து வருவது. வண்டி தானே உண்டாக்கும் அழுக்கும் இருக்கிறது. ஒய்.டி.எம்.4இல் இருப்பது ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின். இழுவையைக் கூட்டும்போது, காற்றை உள்ளே தள்ளும் டர்போ வேகம் பிடிக்கும்வரை கரும்புகை கக்கும். புகைபோக்கியைச் சுற்றிக் கெட்டியான கறுப்பு, தள்ளிப் போகப் போக மெலிந்து சாம்பல். சக்கரச் சட்டகத்தில் செம்பழுப்பு. வார்ப்பிரும்பு பிரேக் கட்டை சக்கரத்தில் உரசி உதிரும் தூள் துருப்பிடித்து ஒட்டுவதால் வருவது அது. டீசல் ஊற்றும் வாயில் மட்டும் ஈரமான கறுப்பு வழிசல்.

நீராவி இன்ஜின் செய்கிறவருக்கு இன்னொரு அடையாளம் இருக்கிறது. ஒய்.பி. வகை இன்ஜின்கள் 1949 தொடங்கி 1970 வரை 871 கட்டப்பட்டன. மீட்டர் கேஜ் பயணி வண்டிகளை ஒரு காலத்தில் இழுத்தவை இவைதான். அவற்றின் கொதிகலனில், கழுவுவதற்காகத் திறக்கும் மூடிகளுக்குக் கீழேயும் சேஃப்டி வால்வைச் சுற்றியும் வெள்ளைக் கோடுகள் இறங்கியிருக்கும். நம் வீட்டில் போர் தண்ணீரை நாள்தோறும் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே வெள்ளைதான். தண்ணீரின் சுண்ணாம்பு. அந்தப் பாத்திரத்தை ஒரு தடவை வெயிலில் வைத்துப் பார்த்தால் நிறம் பிடிபட்டுவிடும். அது பெயின்ட் வெள்ளை கிடையாது. தயிர் காய்ந்த மாதிரி ஒரு வெள்ளை.

மனிதக் கையும் தடம் விடும். டிரைவர் ஏறி இறங்கும் படியில் செருப்பும் பூட்ஸும் தேய்த்து இரும்பு வெளியே தெரியும். கைப்பிடிக் கம்பி, பிடித்துப் பிடித்து மினுங்கும். முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரைவட்டம் மட்டும் தெளிவாக இருக்கும். வண்டி எண்ணை மட்டும் யாரோ பஞ்சு வேஸ்ட்டால் துடைத்திருப்பார்கள். சுற்றிலும் அழுக்கு, நடுவில் எண் பளிச்சென்று. இந்த நான்கையும் செய்தால் போதும், வண்டியில் ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

எங்கிருந்து பார்ப்பது

நிஜ வண்டியை நாம் பார்ப்பது பிளாட்பாரத்திலிருந்து, அதாவது பக்கவாட்டில். மாதிரியை மேசையில் வைத்து மேலிருந்து பார்க்கிறோம். கண்ணில் முதலில் படுவது கூரைதான். நமக்கோ கூரை எப்படி இருக்கும் என்று தெரியாது. இதற்கு நெல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஓரமாக நின்று அடியில் வண்டி போகும்போது பாருங்கள். மாதிரியைப் பார்க்கும் அதே கோணம். டீசல் இன்ஜின் என்றால் புகைக்கறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மின்சார இன்ஜின் என்றால் மேல்கம்பியைத் தொடும் பகுதியைச் சுற்றிக் கரித்தூள் எப்படிப் பரவியிருக்கிறது, பெட்டிகளின் கூரை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு நிறம் கலக்கும்போது உதவும்.

கையால் செய்வது

முதல் பரிசோதனையை இன்ஜினில் செய்யாதீர்கள். விலை குறைந்த வேகன் ஒன்றோ, உடைந்த பொம்மை ரயில் பெட்டியோ போதும்.

வெயில் வெளுப்பிலிருந்து தொடங்கலாம். உடலின் நிறத்திலேயே கொஞ்சம் வெள்ளை சேர்த்து, தண்ணீராக நீர்த்து, மேல்பாதியில் ஒரு மெல்லிய பூச்சு. வெயில் மேலே அதிகம், கீழே குறைவு. வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவில் நிறுத்த வேண்டும்.

அடுத்து வாஷ். ஒரு பங்கு அடர்பழுப்பு அக்ரிலிக், எட்டு அல்லது பத்துப் பங்கு தண்ணீர், ஒரே ஒரு சொட்டு பாத்திர சோப்பு. சோப்பு எதற்கு என்றால், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்காமல் இடுக்குக்குள் ஓட. கதவு விளிம்பு, காற்றுச் சல்லடை, ரிவெட் வரிசை இவற்றில் பிரஷ் நுனியால் தொட்டால் தானாக ஓடி அமரும். பரப்பில் மிஞ்சியதை ஈரப் பட்ஸால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழ்தான். மழை அப்படித்தான் இறங்குகிறது. குறுக்கே துடைத்த கோடு ஒன்று இருந்தாலும் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

துருக்கோட்டைத்தான் கிட்டே வைத்துக் காட்ட ஆசை. கைப்பிடிக் கம்பி உடலோடு சேரும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊசி நுனி அளவு எண்ணெய் ஓவியப் பெயின்ட், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறம். பத்து நிமிடம் விடுங்கள். பிறகு தட்டையான பிரஷ்ஷை டர்பன்டைனில் தொட்டு, துணியில் ஒற்றி, ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்ற நிலையில் புள்ளியின் மேலிருந்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டு வாருங்கள். கோடு மேலே அடர்ந்து கீழே போகப் போகக் கரைந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் டர்பன்டைனால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். அடியில் இருக்கும் பெயின்ட்டும் வார்னிஷும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்காக இருந்து, நன்றாகக் காய்ந்திருந்தால் பாதிப்பு வராது. பக்கவாட்டுக்கு ஐந்தாறு கோடு போதும். அவையும் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாது.

பெயின்ட் பெயர்ந்த இடங்களுக்கு ஸ்பாஞ்சு. ஒரு துணுக்கைப் பிய்த்து, அடர்பழுப்பில் தொட்டு, தாளில் ஒற்றி ஒற்றிக் கிட்டத்தட்டக் காய்ந்தபின் படி விளிம்பிலும் கதவு மூலையிலும் லேசாகத் தட்ட வேண்டும். இதே உலர்ந்த நிலையில் பிரஷ்ஷில் வெள்ளி கலந்த சாம்பலைத் தொட்டு விளிம்புகளில் வருடினால் கைபட்டு மினுங்கும் இரும்பு வந்துவிடும்.

கடைசியில் தூள். புழுதிக்கும் புகைக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது, ஏனென்றால் இதுவும் தூள்தான். ஓவியக் கடையில் கிடைக்கும் சாக் பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்தால் மாவு கிடைக்கும். செங்கல் நிறம், கரிசல் சாம்பல், புகைக் கறுப்பு என்று மூன்று டப்பியில் வைத்துக்கொள்ளலாம். மென்மையான பிரஷ்ஷால் மேட் பரப்பில் தடவினால் பிடித்துக்கொள்ளும், பளபளப்பில் வழுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேரி மண்ணையே சலித்துப் போட்டால் என்ன என்று எனக்கும் ஆசை வந்தது. ஒரு பொட்டலம் கொண்டுவந்து துணியில் சலித்துப் போட்டும் பார்த்தேன். நிறம் அச்சு அசல்தான். ஆனால் அரை மில்லிமீட்டர் மணல் 87ல் ஒரு பங்கு உலகத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல். இன்ஜின்மேல் எலுமிச்சம்பழம் கொட்டிக் கிடக்கிற மாதிரித் தெரிந்தது. அதைவிடப் பெரிய சேதம் உள்ளே. அந்த மண்ணில் இல்மனைட் போன்ற காந்தம் இழுக்கும் கனிமங்கள் உண்டு. மோட்டாரின் காந்தத்தில் ஒட்டி, பல்சக்கரத்தில் புகுந்து, வண்டி கரகரவென்று நின்றுபோனது. தேரி மண்ணை ஒரு சின்னச் சீசாவில் வைத்து, பக்கத்தில் பார்த்து நிறம் கலக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புழுதி மேட், எண்ணெய் பளபளப்பு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற வேண்டும். அதனால் எல்லாம் முடிந்து மேட் வார்னிஷால் பூட்டிய பிறகு, டீசல் ஊற்றும் வாயில், இணைப்புக் கொக்கியில், அச்சுப் பெட்டி ஓரத்தில் மட்டும் கறுப்பு கலந்த பளபளப்பு வார்னிஷை நுனிப் பிரஷ்ஷால் தொட்டு வைக்க வேண்டும். முழுக்க மேட்டாக இருக்கும் வண்டியில் அந்த ஈரப் பொட்டுகள் உயிர் கொடுக்கும். வார்னிஷ் அடித்ததும் தூள் கொஞ்சம் மங்கும். அதற்கென்று முதலிலேயே ஒரு சுற்றுக் கூடுதலாகத் தடவுவது என் வழக்கம். வைப்பர் அரைவட்டத்துக்கு மாஸ்கிங் டேப்பை வெட்டி முதலிலேயே கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தால், கடைசியில் உரிக்கும்போது தெளிவான கண்ணாடி வெளிப்படும்.

வார்னிஷ் விஷயத்தில் நம் ஊர்ப் பருவத்தைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரத்தில் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். ஆடிக்காற்றில் அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து மாவாக வந்து ஒட்டும், போதாததற்குத் தெருப்புழுதியும். ஒரு தடவை பாளையங்கோட்டையில் பெயின்ட் கடைக்குப் போய் மேட் வார்னிஷ் கேட்டேன். கடைக்காரர், "எதுக்கு வாங்குதிய, மரத்துக்கா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, சின்ன ரயிலுக்கு" என்றேன். டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "மழை முகமா இருக்கு. ரெண்டு நாள் பொறுத்து அடிங்க" என்றார். அவர் ரயிலைக் கண்டதில்லை, வார்னிஷைக் கண்டவர். பொறுத்தேன், நன்றாக வந்தது. மாசி, பங்குனிக் காலை ஏழு மணிக்கு முன்னால், காற்று எழும்புவதற்குள் மாடியில் அடிப்பது எனக்குச் சரிப்படுகிறது. முகக்கவசம் கட்டாயம்.

ஓடுகிற மாதிரி என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் விளிம்பிலும், மின்சாரம் எடுக்கும் தகட்டிலும் பெயின்ட்டோ வார்னிஷோ ஒட்டியிருந்தால் வண்டி திக்கித் திக்கி ஓடும். பட்ஸை ஸ்பிரிட்டில் தோய்த்து அந்த விளிம்பை மட்டும் வெள்ளியாக மினுங்கும்வரை துடைக்க வேண்டும். நிஜ வண்டியிலும் அந்த இடம் அப்படித்தான், ஓடி ஓடித் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும்.

இரண்டாவது ஒய்.டி.எம்.4ஐ இப்படிச் செய்து முடித்து மாமாவிடம் கொண்டுபோனேன். இம்முறையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத்தான் கொண்டுபோனார். அடிப்பகுதியைப் பார்த்தார், படி ஓரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "திருச்செந்தூர் பாசஞ்சரா?" என்றார்.